துப்பும் சிரிப்பும்: தமிழில் நகைச்சுவை மர்ம நாவல்கள்

நகைச்சுவையும் மர்மமும் சாகசமும் கலந்த நாவல் தமிழில் தனிப்பெயர் பெறாத ஒரு வகை. பதிப்பகங்களின் விலைப்பட்டியலில் அது பாதி ‘நகைச்சுவை’ என்றும் மீதி ‘துப்பறியும் நாவல்’ என்றும் பிரிந்து கிடக்கிறது. இலக்கிய வரலாறுகள் முதல் பாதிக்கு ஒரு பத்தியும் இரண்டாம் பாதிக்கு ஒரு வரியும் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் தேவன் படைத்த சாம்பு, கல்கியின் ஆழ்வார்க்கடியான், பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி, சுஜாதாவின் வசந்த் என்று தமிழ் வாசகர் மறக்காத பாத்திரங்களில் பலர் இந்தக் கலப்பில் பிறந்தவர்கள். வார இதழ், பாக்கெட் நாவல், சபா மேடை, தாம்பரம் மின்ரயில் என இந்த வகை வளர்ந்த இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

சிரிப்பும் மர்மமும் சேர்வது இயற்கையானது. விடுகதையே அதற்குச் சான்று. அது ஒன்றை மறைத்துக் கேட்கிறது, கேட்பவரைத் திணற வைக்கிறது, விடை தெரிந்ததும் சிரிக்க வைக்கிறது. துணுக்கும் துப்பறியும் கதையும் அதே வழியில்தான் நடக்கின்றன. இரண்டிலும் கடைசி வரி முன்கூட்டியே தெரிந்தால் உயிர் போய்விடும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பிறரை எள்ளுவது ஒன்று. இளமையின் விளையாட்டு இன்னொன்று. அறியாமையாகிய பேதைமை மூன்றாவது. கேட்டதை அப்படியே பற்றிக்கொண்டு விடாத மடன் நான்காவது. அச்சத்தின் நிலைக்களன்களில் கள்வரும் ஒன்றாக இடம்பெறுகின்றனர். கள்வரால் வரும் அச்சத்தையும் இந்த நான்கு வகை நகையையும் ஒரே கதையில் பின்னுவதுதான் இங்கே பேசப்படும் நாவல்களின் வேலை.

இவற்றை மதிப்பிட ஒரு கேள்வி போதும். நகைச்சுவை கதைக்குள் என்ன வேலை செய்கிறது? பக்கத்தை நிரப்புகிறதா, துப்பை மறைக்கிறதா? நல்ல நாவலில் வாசகர் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் முக்கியமான தடயம் அவர் கண்முன் கடந்துபோகிறது. சுமாரான நாவலில் சிரிப்பு ஒரு பக்கமும் கொலை மறுபக்கமும் தனித்தனியே நிற்கின்றன.

வேர்கள்

அச்சு வருவதற்கு முன்பே இந்தக் கலப்பு தமிழில் இருந்தது. மரியாதைராமன் கதைகள் வழக்கு மன்றத்தில் நடப்பவை. பொய் சொல்பவர் யார் என்பது மர்மம். அவரே தம் வாயால் அகப்படுமாறு ராமன் செய்யும் சூழ்ச்சி நகைச்சுவை. தெனாலிராமன் தோட்டத்தில் ஒளிந்திருந்த திருடர்களை விடிய விடியக் கிணற்று நீர் இறைக்க வைத்த கதையில் குற்றம், காத்திருப்பு, சிரிப்பு மூன்றும் உண்டு. மதனகாமராஜன் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் சாகசத்தோடு புதிர்களைக் கோத்தவை. தெருக்கூத்தில் மன்னன் அழுதுகொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் பகடி செய்வான். சோகத்துக்கு அருகில் சிரிப்பு நிற்பதைக் கூத்துப் பார்த்தவர்கள் குறையாக நினைத்ததில்லை.

உரைநடையில் முதல் பெரிய எடுத்துக்காட்டு வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’. 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இது 1822இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடப்பதும் குதிரை தேடுவதும் பயணச் சாகசத்தின் தோற்றத்தில் வரும் பேதைமைக் கதைகள். கரையேறிய பின் ஆளுக்கு ஆள் எண்ணிப் பார்த்து ஒருவரைக் காணோம் என்று அழும் காட்சியில், எண்ணுபவர் தம்மையே விட்டுவிடுகிறார் என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். ‘காணாமற்போனவர் யார்’ என்ற கேள்வியைத் தமிழ் உரைநடை முதலில் சிரிப்புக்குத்தான் பயன்படுத்தியது.

மாறுவேடக் காலம்

தமிழின் முதல் துப்பறியும் புனைவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ச. ம. நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ கதைகள். 1894இல் அவை வெளிவந்தன. நடேச சாஸ்திரி நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியவர். மதனகாமராஜன் கதையையும் தெனாலிராமன் கதைகளையும் ஆங்கிலத்தில் தந்தவர். விகடகவி தெனாலிராமனின் கதைகளைத் தொகுத்த கையே போலீஸ் நிபுணன் தானவனின் கதையையும் எழுதியது.

அடுத்து வந்த மூவர் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். ஆரணியார் ஆங்கில நாவல்களைத் தழுவி ஏராளமாக எழுதினார். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்து பல பதிப்புகள் கண்டது; அதில் வரும் துப்பறிவாளர் கோவிந்தனின் பெயர் வீடுகளில் புழங்கியது. வடுவூராரின் திகம்பர சாமியார் துறவிக் கோலத்தில் துப்பறிபவர். ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலைக் கொண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம். என். நம்பியார் 11 வேடங்களில் தோன்றினார்.

இந்தத் தலைமுறையில் சிரிப்பு பெரும்பாலும் மாறுவேடத்திலிருந்து வந்தது. துப்பறிபவர் கிழவராகவோ பிச்சைக்காரராகவோ வந்து வில்லனோடு பேசுகிறார். வாசகருக்கு ஆள் தெரியும், வில்லனுக்குத் தெரியாது. கூத்து மேடையில் பழகிய இன்பம் இது. ஆனால் கதையின் போக்கை நீதிபோதனை அடிக்கடி நிறுத்தியது. நகைச்சுவை நிலைத்த குணச்சித்திரமாகத் திரளவில்லை. அதற்கு வார இதழ் தேவைப்பட்டது.

சாம்பு என்னும் திருப்பம்

‘ஆனந்த விகடன்’ 1926இல் தொடங்கியது. 1928 முதல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. நகைச்சுவையை முகவரியாகக் கொண்ட அந்த இதழில் வளர்ந்தவர் தேவன் என்ற ஆர். மகாதேவன். திருவிடைமருதூரில் 1913இல் பிறந்து, விகடனின் நிர்வாக ஆசிரியராக உயர்ந்து, 1957இல் 44 வயதுக்குள் மறைந்தார். 1940களில் அவர் எழுதத் தொடங்கிய ‘துப்பறியும் சாம்பு’ 50 கதைகள் கொண்ட வரிசை. தனித்தனிக் கதைகள் என்றாலும் திருமணம், குழந்தை, பதவி என்று சாம்புவின் வாழ்க்கை நகர்ந்துகொண்டே போவதால் முழுவதும் சேர்ந்து ஒரு நாவலாகவே படிக்கப்படுகிறது.

சாம்பு வங்கிக் குமாஸ்தா. மக்கு என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவர். ஓவியர் ராஜு தந்த வழுக்கைத் தலையும் நீண்ட மூக்கும் அந்தப் பெயருக்குப் பொருந்தின. அவர் எங்கேயோ தடுக்கி விழுகிறார், விழுந்த இடத்தில் திருடன் இருக்கிறான். உளறுகிறார், அந்த உளறலை ஆழ்ந்த குறிப்பாக எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் கோபாலன் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார். பத்திரிகைகள் புகழ்கின்றன. சாம்புவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று புரிவதில்லை.

தேவன் இங்கே துப்பறியும் கதையின் அடிப்படை விதியைத் தலைகீழாக்கினார். வழக்கமான கதையில் துப்பறிபவருக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாது. சாம்பு கதையில் வாசகருக்குத் தெரிந்தது உலகத்துக்குத் தெரியாது. ‘குற்றவாளி யார்’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘இந்தத் தவறு எப்படிச் சரியாக முடியப்போகிறது’ என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. மர்மம் குற்றத்திலிருந்து தற்செயலுக்கு இடம் மாறுகிறது. உலகம் கண்டு சிரித்த தடுமாற்றத் துப்பறிவாளரான இன்ஸ்பெக்டர் க்ளூஸோ திரையில் தோன்றியது 1963இல்தான். சாம்பு அவருக்குச் சுமார் 20 ஆண்டுகள் மூத்தவர்.

தேவன் பேதைமையை மட்டும் எழுதியவர் அல்லர். ‘சி.ஐ.டி. சந்துரு’வில் உண்மையாகவே திறமைசாலியான துப்பறிவாளரைக் காட்டினார். ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ ஒரு கொலை வழக்கு விசாரணையை நீதிமன்ற வாழ்க்கையின் சிறு சிறு வேடிக்கைகளோடு சொல்கிறது. வக்கீலின் அலட்டலும் சாட்சியின் பயமும் சிரிப்பு மூட்டும். அந்தச் சிரிப்பின் நடுவே சாட்சியத்தின் ஓட்டை வெளிப்படும். அவருடைய நூல்களை மயிலாப்பூர் அல்லயன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மறுபதிப்பாகத் தொடர்ந்து வெளியிட்டு வந்துள்ளன. காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தது வானொலித் தலைமுறைக்கும் தொலைக்காட்சித் தலைமுறைக்கும் பாலமானது.

சோழ நாட்டு ஒற்றன்

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்று நாவல் என்றே அறியப்படுகிறது. அதன் எலும்புக்கூடு ஒற்றர் கதை. சதி, இரகசிய ஓலை, சுரங்கப்பாதை, மாறுவேடம், கடற்பயணம், ஒரு கொலையும் அதைச் செய்தவர் யார் என்ற தீராத ஐயமும் அதில் உண்டு. வந்தியத்தேவன் வாய்த்துடுக்கும் அவசரப் பொய்யும் கொண்ட சாகச வீரன்.

இந்தக் கட்டுரையின் அளவுகோலுக்கு மிகப் பொருத்தமானவர் ஆழ்வார்க்கடியான் நம்பி. வீர வைஷ்ணவர் என்று சொல்லிக்கொண்டு சைவர்களோடு தடியை ஓங்கிச் சண்டை பிடிப்பவராக அறிமுகமாகிறார். வாசகர் அந்தச் சண்டையில் சிரித்துக் கிடக்கும்போது, போகும் இடமெல்லாம் இவர் ஏன் முன்கூட்டியே நிற்கிறார் என்ற கேள்வி மனத்தில் எழுவதில்லை. முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றர் அவர் என்பது பின்னால் துலங்குகிறது. கோமாளித்தனம்தான் அவருடைய மாறுவேடம். நகைச்சுவை தடயத்தை மறைக்கும் திரையாக இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த இடம் தமிழில் அரிது.

சங்கர்லாலும் அப்புசாமியும்

1940களின் இறுதியில் ‘குமுதம்’, ‘கல்கண்டு’ இதழ்கள் வந்தன. ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் தேநீர் அருந்திச் சிந்திக்கும், கசங்காத உடை உடுத்தும், உலக நகரங்களில் உலாவும் நாயகர். சாகசமும் மர்மமும் நிறைந்த அந்தக் கதைகளில் நகைச்சுவை குறைவு. வேலையாள் மாது போன்ற துணைப் பாத்திரங்களிடம் கொஞ்சம் வேடிக்கை உண்டு. தூய தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாக அவர் எழுதிய நடை இளம் வாசகர்களை ஈர்த்தது. நாயகர் தவறே செய்யாதவர் என்றால் சிரிப்புக்கு இடமில்லை என்பதற்குச் சங்கர்லால் கதைகள் நல்ல உதாரணம்.

‘குமுதம்’ இதழில் ரா. கி. ரங்கராஜன், புனிதன், ஜ. ரா. சுந்தரேசன் மூவரும் ஆசிரியர் குழுவின் தூண்கள். ரங்கராஜன் வகைக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். சுந்தரேசன் ‘பாக்கியம் ராமசாமி’ என்ற பெயரில் 1963 முதல் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளை எழுதினார். ஓவியர் ஜெயராஜ் அவர்களுக்கு உருவம் கொடுத்தார். அப்புசாமி வேலைவெட்டியில்லாத தாத்தா. சீதாப்பாட்டி ஆங்கிலம் பேசும், பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்தும் தலைவி. கையில் காசில்லாத அப்புசாமி, ரசகுண்டு, பீமாராவ் கூட்டணி ஒவ்வொரு தொடரிலும் ஒரு திட்டம் போடுகிறது, திட்டம் விபரீதமாகிறது. ‘அப்புசாமியும் ஆப்பிரிக்க அழகியும்’ போன்ற நீண்ட தொடர்களில் இது முழுச் சாகசமாக விரிகிறது. யாரோ சொன்னதை நம்பிப் பிடித்த பிடியை விடாமல் ஓடும் அப்புசாமி, மெய்ப்பாட்டியல் சொல்லும் மடனுக்கு நடமாடும் இலக்கணம்.

யாழ்ப்பாணத்தில் செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே குற்றம் இல்லை. ஊரை விட்டு வெளியே போகாத மூதாட்டியின் பயணமே சாகசம்.

கணேஷும் வசந்தும்

சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலில் வந்தார். அப்போது அவர் தனியாள். ‘ப்ரியா’வில் ஜூனியராக வசந்த் சேர்ந்த பிறகுதான் அந்த வரிசை இன்றைய வடிவம் பெற்றது. கணேஷ் தர்க்கம், வசந்த் குறும்பு. வசந்த் கேலி செய்கிறான், ஜொள்ளு விடுகிறான், கண்டவரைக் கலாய்க்கிறான். எதிரில் இருப்பவர் எரிச்சலில் உண்மையைக் கொட்டிவிடுகிறார். எள்ளல் இங்கே விசாரணைக் கருவி.

வசந்த் சொல்லத் தொடங்கும் மெக்சிகோ சலவைக்காரி ஜோக் ஒருபோதும் முழுதாகச் சொல்லப்படவில்லை. யாராவது குறுக்கிடுவார்கள், அல்லது கணேஷ் தடுத்துவிடுவார். ஒரு நகைச்சுவைத் துணுக்கையே தீர்க்கப்படாத மர்மமாக ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டது சுஜாதாவின் சாமர்த்தியம். அந்த ஜோக் என்ன என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

‘கொலையுதிர் காலம்’ இந்த இரட்டையரின் உச்சம். நடப்பது ஆவியின் வேலையா, விஞ்ஞான ஏமாற்றா என்பதில் இருவரும் எதிரெதிர்த் தரப்பு எடுக்கிறார்கள். வசந்தின் பயம் சிரிப்பைத் தருகிறது, அதே பயம் வாசகரையும் பிடிக்கிறது. ‘வசந்த்! வசந்த்!’ நாவலில் பழங்காலக் கிணறு ஒன்றின் இரகசியம் தொல்லியல் சாகசமாகிறது. இரட்டையர் இல்லாத ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்குப் போகும் கல்யாணராமன் ஜமீன் பங்களாவின் மர்மத்தில் மாட்டிக்கொள்கிறான், நகரத்தானின் தடுமாற்றம் முதலில் வேடிக்கை, பிறகு ஆபத்து.

நகை, மர்மம், சாகசம் மூன்றும் சரிசமமாகக் கலந்த சுஜாதா படைப்பு ‘என் இனிய இயந்திரா’. வருங்காலத்தில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கிறது, கிண்டலடிக்கிறது, மனிதர்களைவிட நன்றாகத் துப்பறிகிறது. சிறுவர்களும் பெரியவர்களும் ஒருசேரப் படித்த அந்தத் தொடர் தூர்தர்ஷனிலும் வந்தது. 1986இல் ‘விக்ரம்’ திரைக்கதையைச் சுஜாதா ‘குமுதம்’ இதழில் தொடர்கதையாகவும் எழுதினார். கற்பனை நாடான சலாமியாவும் அங்கே வரும் மொழிபெயர்ப்பாளரும் ஒற்றர் சாகசத்தைக் கேலியின் பக்கம் சாய்த்தவை.

துப்பறிபவருக்கு வேடிக்கையான துணையைச் சேர்ப்பதில் வங்காளத்தில் சத்யஜித் ராயும் இதேபோன்ற தீர்வுக்கு வந்தார். 1965இல் தொடங்கிய ஃபெலுடா துப்பறியும் கதைகளில், 1971இல் ‘சோனார் கேல்லா’வின் வழியாக ஜடாயு என்ற, தப்புத்தப்பாக எழுதும் சாகச நாவலாசிரியர் நுழைந்தார். துப்பறியும் நாவல் எழுதுபவரையே துப்பறியும் நாவலுக்குள் கோமாளியாக்கியது ராயின் வழி. வசந்த் கோமாளி அல்லன். பல சமயம் சீனியருக்கு முன்பே விடையைத் தொட்டுவிடுபவன்.

பாக்கெட் நாவலும் தாம்பரம் ரயிலும்

1980களில் மாத நாவல்கள் பெருகின. ஜி. அசோகனின் ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’, குமுதம் குழுமத்தின் ‘மாலைமதி’ ஆகியவை கடைகளில் கொத்தாகத் தொங்கின. ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய இணைகள் அவற்றின் நட்சத்திரங்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து எழுதும் பெயர் சுபா. சுசீலாவின் பனியன் வாசகங்கள் ஒவ்வொரு நாவலிலும் எதிர்பார்க்கப்பட்ட வேடிக்கை. விவேக்குக்கு உதவியாளராக வரும் விஷ்ணு வசந்தின் வழித்தோன்றல்.

இந்த நூல்களின் அளவும் நடையும் பயணத்துக்கு ஏற்றவை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது; மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை நீடித்தன. சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு அருகிலான பயணம். பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்று இருப்புப்பாதை ஓரமாக வளர்ந்த குடியிருப்புகளில் நிறைந்தவர்கள் அலுவலகக் குமாஸ்தாக்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள். சாம்புவும் அதே வர்க்கம்தான். ஏறும் இடத்தில் பிணம், இறங்கும் இடத்தில் கொலைகாரன் என்று நூறு பக்கச் சொச்சத்தில் முடியும் கதை இந்தப் பயணிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. நெரிசலில் நின்றபடி படிப்பவருக்கு நீண்ட வருணனை உதவாது. உரையாடலும் சிரிப்பும் கண்ணை வரியில் நிறுத்தும். பாக்கெட் நாவல் நடையில் வசனம் மிகுந்ததற்கு இத்தகைய வாசிப்புச் சூழலும் ஒரு காரணம்.

கதைகளுக்குள்ளும் தென்சென்னை புகுந்தது. மீனம்பாக்கம் விமான நிலையம், ஜி.எஸ்.டி. சாலையின் இரவு லாரிகள், மாமல்லபுரம் போகும் கடலோரச் சாலையின் தனிப் பங்களா ஆகியவை கடத்தலுக்கும் துரத்தலுக்கும் நிலையான களங்களாயின. நகரம் முடிந்து ஆளரவம் குறையும் எல்லை என்பதால் அந்தப் பகுதி மர்மத்துக்குத் தோதாக இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிற்பதால் பழைய நாவல்கள் ஊரின் உருமாற்றத்துக்கும் பதிவாகிவிட்டன.

1990களில் தொலைக்காட்சித் தொடர்களும் பின்னர் கைபேசியும் மாத நாவலின் நேரத்தை எடுத்துக்கொண்டன. ஆனாலும் மாத நாவல்களின் இலக்கிய மதிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்தான் வளர்ந்தது. 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் ஜனரஞ்சகக் கதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிற மொழி வாசகர்கள் பாக்கெட் நாவல் உலகை அதன் வழியே அறிந்தனர்.

பாலவாக்கத்துத் திருடர்கள்

நாவலில் வளர்ந்த கலப்பு மேடையிலும் திரையிலும் தொடர்ந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த மோகன், எஸ். வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 1976இல் ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தை எழுதினார். அந்தத் தலைப்பின் முதல் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சென்னையின் தென்கோடிக் கடலோரத்தில் அன்று அமைதியாகக் கிடந்த பாலவாக்கத்தை ஆங்கிலத் திகில் படத் தலைப்புபோல் உச்சரிப்பதிலேயே பகடி தொடங்கிவிடுகிறது.

கிரேஸி மோகனின் முறை சொல்லைத் தடயமாக்குவது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறு பொருளில் கேட்கிறார், அந்தப் பிழை அடுத்த குழப்பத்தைப் பெற்றெடுக்கிறது. அவர் வசனம் எழுதிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) கொலைகளை ஜனகராஜின் இன்ஸ்பெக்டர் கண்ணோட்டத்தில் வேடிக்கையாக்கியது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) ஆள்மாறாட்டத்தை நால்வராகப் பெருக்கியது. ‘பஞ்சதந்திரம்’ (2002) ஒரு பிணத்தையும் ஐந்து நண்பர்களையும் வைத்துச் சிரிக்க வைத்தது. 2013இல் ‘சூது கவ்வும்’, ‘மூடர் கூடம்’ ஆகிய படங்கள் கடத்தல்காரர்களையும் திருடர்களையுமே நாயகர்களாக்கின. சாம்புவின் பேதைமை அங்கே குற்றவாளியிடம் போய்ச் சேர்ந்தது.

சித்திரக்கதை

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. இரும்புக்கை மாயாவி போன்ற ஆங்கிலச் சாகசங்களோடு லக்கி லூக், சிக் பில் போன்ற பிரெஞ்சு–பெல்ஜியக் கேலிச் சித்திரங்களும் தமிழுக்கு வந்தன. அவற்றின் வெற்றியில் மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் பாலைவனத்து ஷெரீப் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் அங்கலாய்த்தார். படத்தில் துரத்தல் நடக்கும், பேச்சுக் குமிழில் சிரிப்பு நடக்கும். ஒரே கட்டத்தில் இரண்டையும் காட்டுவது சித்திரக்கதைக்கு மட்டும் வாய்த்த வசதி. இந்த வகையை ரசிக்கும் பழக்கத்தைப் பல வாசகர்கள் சிறுவயதில் இங்கேதான் பெற்றனர்.

குறைகள்

இந்த மரபின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, தொடர்கதையின் நெருக்கடி. வாரம் ஒரு திருப்பம் வைத்துக்கொண்டே போன கதைகள் முடிவில் அவசரமாகக் கட்டப்பட்டன. புதிதாக ஒரு பாத்திரம் கடைசி அத்தியாயத்தில் வந்து குற்றத்தை ஏற்பதும் உண்டு. இரண்டாவது, சிரிப்பின் இலக்கு. உடல் தோற்றம், திக்குவாய், வட்டார வழக்கு, வேலைக்காரர் ஆகியவை நீண்ட காலம் மலிவான கேலிக்கு ஆளாயின. வசந்தின் குறும்பிலும் பாக்கெட் நாவல்களின் பனியன் வாசகங்களிலும் பெண்ணைப் பார்க்கும் பார்வை இன்றைய வாசகரைச் சங்கடப்படுத்தும். எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். மூன்றாவது, களம். சென்னையின் நடுத்தர வர்க்கப் பேச்சே நகைச்சுவையின் பொதுமொழியாக இருந்ததால் பிற ஊர்களின் சிரிப்பு இந்த வகைக்குள் குறைவாகவே வந்தது.

வாசிக்க வழி

பழைய நூல்களைத் தேட இன்று வசதி கூடியிருக்கிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. பழைய நாவல்களுக்கும் இதழ்களுக்கும் அது முதன்மையான இடம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகிலேயே தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் ‘பொன்னியின் செல்வன்’ மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய பொருள்களுக்கிடையே மாத நாவல்களையும் தேடிப் பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வரிசை பொருந்தும். முதலில் ‘துப்பறியும் சாம்பு’வில் சில கதைகள், சிறுவர்களோடு சேர்ந்து படிக்க ‘என் இனிய இயந்திரா’, இரவில் படிக்கத் துணிவிருந்தால் ‘கொலையுதிர் காலம்’. பிறகு ‘பொன்னியின் செல்வ’னின் முதல் பாகத்தை ஆழ்வார்க்கடியானை மட்டும் கவனித்தபடி ஒருமுறை திரும்பப் படிக்கலாம். முதல் வாசிப்பில் சிரித்த இடங்களிலெல்லாம் தடயம் கிடந்தது அப்போது தெரியும். விடை தெரிந்த பிறகும் திரும்பப் படிக்க முடிகிற துப்பறியும் கதைகள் குறைவு. தமிழில் அப்படி நிலைத்தவற்றில் பெரும்பங்கு, சிரிப்பைத் துப்பிலிருந்து பிரிக்க முடியாதபடி எழுதப்பட்டவை.